சின்னப் பிள்ளை மறந்துவிடுமா?

"சின்னப் பிள்ளைதானே! நாலு நாள் அழும். அப்புறம் மறந்துவிடும்."

நாடு விட்டு நாடு போகும்போது பெரியவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பெட்டி கட்டுகிற அவசரத்தில் சொல்கிறார்கள். விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொல்கிறார்கள்.

பிள்ளை மறந்துவிடுமா?

மறக்காது! இதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பராக் ஒபாமா. 2009-ம் ஆண்டு முதல் 2017-ம் ஆண்டு வரை அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர்.

அவர் ஜனாதிபதி ஆன கதை எல்லோருக்கும் தெரியும். அவர் 6 வயதில் நாடு மாறினார். 10 வயதில் மறுபடியும் நாடு மாறினார். முதல் தடவை தாயாரோடு போனார். இரண்டாம் தடவை தன்னந்தனியாக விமானம் ஏறினார். 33 வயதில் அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் "சின்னப் பிள்ளை மறந்துவிடும்" என்று சொல்லவே மாட்டார்கள்.

தாயார் அமெரிக்கா, தகப்பனார் ஆப்பிரிக்கா

பசிபிக் கடலின் நடுவே இருக்கிறது ஹவாய் தீவுக் கூட்டம். அது அமெரிக்காவின் 50-வது மாநிலம். அங்கே ஹோனலூலு நகரில் 1961-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந்தேதி ஒபாமா பிறந்தார்.

தகப்பனார் கென்யா நாட்டுக்காரர். ஹவாய்க்குப் படிக்க வந்த கறுப்பர். தாயார் ஆன் டன்ஹாம், அமெரிக்க வெள்ளைக்காரப் பெண். பிள்ளை பிறந்தபோது தாயாருக்கு வயது 18தான்!

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டங்கள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 1967-ம் ஆண்டில். ஹவாயில் அப்படித் தடை இல்லை. ஆனாலும் மணவாழ்க்கை நிலைக்கவில்லை. தகப்பனார் 1962-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1964-ல் விவாகரத்து ஆயிற்று. அவர் கென்யாவுக்குத் திரும்பிவிட்டார்.

தாயார் பிறகு லோலோ சுதோரோ என்பவரை மணந்தார். இவர் இந்தோனேசியாவில் இருந்து ஹவாய்க்குப் படிக்க வந்தவர். அவர் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டி வந்தது. 1967-ல் தாயாரும் மகனும் அவரைத் தேடி ஜகார்த்தா நகருக்குப் புறப்பட்டார்கள்.

பையனுக்கு அப்போது 'பராக்' என்று யாரும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. 'பாரி' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த நம் பாரிக்கும் இந்தப் பாரிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தமிழர் காதுக்கு அந்நியமாக ஒலிக்காத பெயர்!

அனுமார் நின்றார்

ஜகார்த்தா விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போகிற வழி. தெரு நடுவே ஒரு பெரிய சிலை. உடம்பு மனித உடம்பு. முகம் குரங்கு முகம்! பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "இவர் அனுமார்" என்று வளர்ப்புத் தந்தை சொல்லிக்கொடுத்தார். அரக்கர்களோடு அவர் போர் செய்த கதையையும் சொன்னார்.

இந்தோனேசியாவில் மக்கள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அப்படியிருந்தும் அங்கே ராமாயணமும் பாரதமும் ஊரறிந்த கதைகள். அந்தக் கதைகளைச் சின்ன வயதில் கேட்டதால் இந்தியாவின் மேல் தமக்குத் தனி ஈர்ப்பு உண்டானது என்று ஒபாமா பின்னாளில் எழுதினார். 2016-ல் ஒரு பேட்டியின்போது, தாம் எப்போதும் கூடவே வைத்திருக்கும் சில சின்னப் பொருள்களைப் பையில் இருந்து எடுத்துக் காட்டினார். அவற்றில் ஒரு குட்டி அனுமார் இருந்தார். ஜனாதிபதியின் பையில் அனுமார்!

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு அதிசயம். மரத்தில் வாலில்லாக் குரங்கு ஒன்று. அதன் பெயர் டாட்டா. கொல்லையில் கோழி, வாத்து, கிளி, நாய். இரண்டு முதலைக் குட்டிகள் வேறு! அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி அறுத்தார்கள். தலை இல்லாத கோழி துடித்து ஓடியதைப் பையன் கண்கொட்டாமல் பார்த்தான். அமெரிக்காவில் கோழி கடையில் இருந்து வரும். இங்கே கொல்லையில் இருந்து வருகிறது!

குடியானவர் பிள்ளைகளோடும் வேலைக்காரர் பிள்ளைகளோடும் சேர்ந்து திரிந்தான். வயல் வரப்பில் ஓடினான். தும்பி பிடித்தான். நம் ஊர் மாஞ்சா நூலைப்போல் அறுக்கும் நூல் கட்டிப் பட்டம் விட்டான். சோற்றோடு பச்சை மிளகாயைக் கடித்துத் தின்னப் பழகினான். (இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை.) ஆறு மாதத்துக்குள் அந்த ஊர்ப் பாஷை வந்துவிட்டது.

ஒரு நாள் பெரிய பையன் ஒருவன் எறிந்த கல் தலையில் பட்டது. முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் வளர்ப்புத் தந்தை இரண்டு ஜோடி குத்துச்சண்டைக் கையுறைகள் வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று பையனுக்கு. அடியைத் தடுக்கும் விதத்தைக் கொல்லையில் நின்று கற்றுக்கொடுத்தார். பெற்ற பிள்ளை இல்லையே என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

அதிகாலை 4 மணி!

ஜகார்த்தாவில் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இருந்தது. சம்பளம் அதிகம். கட்ட வசதி இல்லை. அதனால் பாரி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். முதலில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். பிறகு அரசாங்கப் பள்ளிக்கூடம். பாடம் எல்லாம் இந்தோனேசிய மொழியில்.

தாயாருக்குக் கவலை பிறந்தது. 'நாளைக்கு அமெரிக்காவுக்குத் திரும்பினால் இவன் அங்கே எப்படிப் படிப்பான்?'

அமெரிக்காவில் இருந்து தபால் மூலம் பாடங்களை வரவழைத்தார். வாரத்தில் 5 நாள், அதிகாலை 4 மணிக்குப் பையனை எழுப்பினார். 3 மணி நேரம் ஆங்கிலப் பாடம். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் போவான். அவர் வேலைக்குப் போவார். இந்தோனேசியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிற வேலை.

பையன் சும்மா இருப்பானா? வயிற்றுவலி என்பான். கண்ணைச் சொருகுவான். எத்தனையோ தந்திரம் செய்து பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. தனக்கும் இது ஒன்றும் சந்தோஷமான காரியம் இல்லை என்று தாயார் பதில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருவார்!

6 வயது, 7 வயதுப் பிள்ளையை 4 மணிக்கு எழுப்புவது கொடுமை என்று சிலர் சொல்லலாம். எழுப்பிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டிருந்தால் அது கொடுமைதான். அவரும் கூடவே உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 25, 26. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ஊர்ப் பாஷையைப் பேசாதே என்று அவர் மகனைத் தடுக்கவில்லை. அவரே அதைக் கற்றுக்கொண்டார். இருக்கிற நாடும் வேண்டும், விட்டு வந்த நாடும் வேண்டும் என்று இரண்டையும் பிள்ளைக்குக் கொடுக்கப் பாடுபட்டார்.

பாடத்தோடு வேறு ஒன்றையும் ஊட்டினார். கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் பற்றிய புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் சொற்பொழிவுகளைச் சொன்னார். மஹாலியா ஜாக்சனின் இசைத்தட்டுகளைக் கேட்க வைத்தார். கறுப்பரே இல்லாத ஊரில், கறுப்பாகப் பிறந்த மகனுக்கு, அவன் யார் என்பதை ஒரு வெள்ளைக்காரத் தாயார் சொல்லிக்கொடுத்தார்!

பிரிந்துபோன கணவரைப் பற்றியும் பையனிடம் நல்லதையே சொன்னார். 'ஏழையாகப் பிறந்து படித்து முன்னுக்கு வந்தவர். கெட்டிக்காரர். நேர்மையானவர்.' இதில் மட்டும் அவர் கொஞ்சம் அளவு மீறிவிட்டாரோ என்று தோன்றுகிறது. பையன் மனதில் தகப்பனார் ஒரு ராஜா மாதிரி உயர்ந்துவிட்டார். அதனால் வந்த சங்கடம் பிறகு வருகிறது.

20 தையல்

ஒரு நாள் பையன் இருட்டிய பிறகும் வீடு திரும்பவில்லை. தாயார் தவித்துப் போனார். கடைசியில் வந்தான். கையில் ஒரு காலுறையைச் சுற்றிக் கட்டியிருந்தான். அவிழ்த்துப் பார்த்தால் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை கிழிந்திருக்கிறது! நண்பனோடு சேற்றில் சறுக்கி விளையாடும்போது முள்கம்பி கிழித்துவிட்டது.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் வளர்ப்புத் தந்தை. தாயார் கேட்கவில்லை. அக்கம் பக்கத்தில் இருந்த ஒரே காரைக் கேட்டு வாங்கி, பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி இருண்டு கிடந்தது. உள்ளே ஓர் அறையில் இரண்டு பேர் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். "டாக்டர் எங்கே?" என்று கேட்டார். அவர்கள்தான் டாக்டர்கள்! ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து 20 தையல் போட்டார்கள். தழும்பு நிலைத்துவிட்டது.

அந்த இரவுக்குப் பிறகு தாயாரின் மனது நிம்மதியாக இல்லை. இந்த ஊரில் இவன் எதிர்காலம் என்ன? 1965, 1966-ம் ஆண்டுகளில் அந்த நாட்டில் லட்சக்கணக்கான பேர் அரசியல் காரணத்தால் கொல்லப்பட்டிருந்தார்கள். அதைப் பற்றி வாய் திறந்து பேசவே ஜனங்கள் பயந்தார்கள். மகனை ஹவாய்க்கு, தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆனால் அவரால் உடனே போக முடியாது. அங்கே வேலை. 1970-ல் பிறந்த பெண் குழந்தை மாயா கையில் இருந்தாள்.

தன்னந்தனியாக விமானத்தில்

1971-ம் ஆண்டு. பையனுக்கு வயது 10.

தாயார் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். 'தாத்தா பாட்டியோடு இருப்பாய். நல்ல பள்ளிக்கூடத்தில் படிப்பாய். நானும் தங்கச்சியும் ஒரு வருஷத்துக்குள் வந்துவிடுவோம். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கே வரப் பார்க்கிறேன்.' ஐஸ்கிரீம், கடற்கரை என்று ஆசையும் காட்டினார். எல்லாவற்றையும்விடப் பையனுக்கு இனித்தது எது தெரியுமா? இனிமேல் அதிகாலை 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் என்ற சேதி!

விமான நிலையத்தில் தாயாரின் சிநேகிதரான விமானி ஒருவர் பையனுக்கு ஒரு மர முகமூடியைப் பரிசாகக் கொடுத்தார். கடல் கடந்து ஹோனலூலுவில் இறங்கியபோதும் அது அவன் கையில் இருந்தது. அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தான். மரத்தின் மணம், லவங்கப்பட்டை மணம். விட்டு வந்த வீடு நினைவுக்கு வந்தது. எதிரே தாத்தாவும் பாட்டியும் கை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

இருபது வருஷத்துக்குமேல் ஆன பிறகும் அந்த மணத்தை ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளை மறந்துவிடுமாம்!

பெற்ற பிள்ளையை இப்படித் தனியே அனுப்பலாமா என்று அந்தத் தாயாரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவர் செய்தது சரியே. அனுப்புவதற்கு முன்னால் காரணத்தைச் சொன்னார். எப்போது வருவேன் என்று சொன்னார். சொன்னபடி அந்தக் கிறிஸ்துமசுக்கு வந்து நின்றார். 'கடைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று பொய் சொல்லிவிட்டு நழுவுகிற பெற்றோர் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற கொடுமையை நினைத்துப் பாருங்கள்.

பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள்

புனஹோ பள்ளிக்கூடம் ஹவாயில் பேர் பெற்றது. 1841-ல் பாதிரிமார்கள் தொடங்கியது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம். அதில் 5-ம் வகுப்பில் பாரி சேர்ந்தான்.

முதல் நாள். ஆசிரியை முழுப் பெயரையும் வாசித்தார். 'பராக் ஒபாமா' என்றதும் வகுப்பில் சிரிப்பு. ஆசிரியை நல்லவர். கென்யாவில் வாழ்ந்தவர். ஆசையாக, "உன் தகப்பனார் எந்த இனத்தவர்?" என்று கேட்டார். பையன் சற்று மௌனமாக இருந்துவிட்டு, 'லுவோ' என்றான். பின்னால் இருந்த ஒருவன் அந்தச் சொல்லைக் குரங்கு மாதிரி கத்திக் காட்டினான். வகுப்பே சிரித்தது. ஒரு சிறுமி அவனுடைய தலைமயிரைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். இன்னொரு பையன் கேட்டான்: "உன் அப்பா மனுஷனைத் தின்பாரா?"

இந்தோனேசியாவில் வாங்கிய செருப்பு. பழைய மாதிரி உடுப்பு. அவனுக்குத் தெரிந்தது கால்பந்து, பூப்பந்து, சதுரங்கம். இந்தப் பையன்கள் ஆடுகிற ஆட்டம் எதுவும் தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் எப்படி என்று தாத்தா ஆவலோடு கேட்டார். பையன் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டான்.

ஜகார்த்தாவில் கல் எறிந்தார்கள். தலை வீங்கியது. இங்கே யாரும் கல் எறியவில்லை. எந்தக் காயம் பெரியது?

வகுப்பில் எவ்வளவோ நடந்திருக்கும். எத்தனையோ பாடம் நடத்தியிருப்பார்கள். அவர் எழுதி வைத்திருப்பது அந்தச் சிரிப்பை. அயல்நாட்டில் இருந்து வந்த பிள்ளை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 'ழ' வராமல் தடுமாறும்போது சிரிக்கிற பிள்ளைகளின் வீட்டார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தகப்பனார் வந்தார்

பையன் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். தன் தாத்தா ஆப்பிரிக்காவில் ஒரு தலைவர், தன் அப்பா இளவரசர் என்று அளந்து விட்டான். தாயார் புகழ்ந்து புகழ்ந்து கட்டிய கோட்டைக்கு அவன் கொடி நாட்டினான். அவ்வளவுதான்!

அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது. தகப்பனார் கென்யாவில் இருந்து வருகிறார்!

1971 டிசம்பர். வந்தவர் இளவரசர் போல் இல்லை. கார் விபத்தில் அடிபட்டு, கைத்தடி ஊன்றி, சற்று நொண்டி நடந்தார். ஒரு மாதம் தங்கினார். ஒரு நாள் பையன் டெலிவிஷனில் கிறிஸ்துமஸ் படம் பார்க்க உட்கார்ந்தான். படிக்காமல் டெலிவிஷன் பார்க்கிறாயே என்று தகப்பனார் கண்டித்தார். வீட்டில் பெரிய சண்டை ஆகிவிட்டது. பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அப்பா எப்போது போவார் என்று பையன் நாட்களை எண்ணத் தொடங்கினான்.

அதோடு விடவில்லை. ஆசிரியை, பையனின் தகப்பனாரைப் பள்ளிக்கூடத்தில் பேச அழைத்துவிட்டார்! பையனுக்கு உயிர் போய்விட்டது. அளந்த பொய் எல்லாம் வெளியே வரப் போகிறதே!

தகப்பனார் வகுப்பில் எழுந்து பேசினார். தம் நாட்டைப் பற்றிப் பேசினார். வெள்ளையர் ஆட்சியில் இருந்து கென்யா விடுதலைக்குப் போராடியதைச் சொன்னார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். மனுஷனைத் தின்பாரா என்று கேட்டானே, அந்தப் பையனே வந்து, "உன் அப்பா ரொம்ப நல்லா இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனான்!

பையனுக்கு ஒரு கூடைப்பந்து வாங்கிக் கொடுத்தார். ஆப்பிரிக்க இசைத்தட்டைப் போட்டு, கூட ஆடச் சொன்னார். மாதம் முடிந்தது. விமானம் ஏறினார். அதற்குப் பிறகு தகப்பனாரும் மகனும் சந்திக்கவே இல்லை. 1982-ல் நைரோபியில் நடந்த கார் விபத்தில் தகப்பனார் மாண்டார்.

அந்தக் கூடைப்பந்து மட்டும் பையனை விடவில்லை. தினமும் ஆடினான். 1979-ல் ஹவாய் மாநிலப் போட்டியில் வென்ற புனஹோ அணியில் அவனும் இருந்தான்.

14 வயதில் ஒரு 'மாட்டேன்'

தாயார் மாயாவை அழைத்துக்கொண்டு ஹோனலூலுவுக்கே வந்து சேர்ந்தார். மூவரும் ஒரு சின்ன வீட்டில் சுமார் 3 வருஷம் இருந்தார்கள். தாயார் பல்கலைக்கழகத்தில் மானிட இயல் படித்தார். ஆராய்ச்சிக்காக மறுபடியும் இந்தோனேசியா போக வேண்டி வந்தது. "நீயும் வருகிறாயா?" என்று மகனைக் கேட்டார்.

மகன் உடனே சொல்லிவிட்டான்: மாட்டேன்!

காரணத்தைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்னொரு தடவை எல்லாருக்கும் புதுப் பையனாக இருக்க அலுத்துப் போய்விட்டதாம். 14 வயதில் அலுப்பு! நாடு மாறும் பிள்ளையின் கஷ்டத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தாயார் வற்புறுத்தவில்லை. 10 வயதில் மகனுக்குச் சேதி சொன்னார். 14 வயதில் மகனிடம் சம்மதம் கேட்டார். கேட்டது பெரிதல்ல. மகன் மறுத்தபோது அதை ஏற்றுக்கொண்டாரே, அதுதான் பெரிது. மாயாவோடு புறப்பட்டுப் போனார். மகன் தாத்தா பாட்டியோடு இருந்தான். பாட்டி வங்கியில் வேலை பார்த்தார். அந்த வங்கியில் துணைத் தலைவர் பதவிக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். 2008-ல் பேரன் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது அவர் நோயாகப் படுத்திருந்தார். பேரன் பிரசாரத்தை நிறுத்திவிட்டு ஹவாய்க்குப் பறந்து போய்ப் பார்த்தார். வாக்குப் பதிவுக்கு 2 நாள் முன்பு பாட்டி கண்ணை மூடினார்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இது ஹவாய்க் கதை மட்டும் அல்ல. தகப்பனார் துபாயிலோ குவைத்திலோ இருக்கிறார். தாயாரும் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். பெரிய வகுப்பு வந்ததும் பிள்ளையைத் திருச்சிக்கோ நாகர்கோவிலுக்கோ, தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ வீடுகள்!

இப்படி வளரும் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'மூன்றாம் கலாசாரப் பிள்ளைகள்.' பெற்றோரின் நாட்டு வழக்கம் ஒன்று. வாழ்கிற நாட்டு வழக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றில் அவர்கள் வளர்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ரூத் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர். அவரும் அவர் கணவரும் 1950-களில் ஆராய்ந்தது எங்கே தெரியுமா? நம் இந்தியாவில், இங்கே வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை!

பேருக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. ஒபாமாவின் தாயார் காலத்தில் கடல் கடந்து பேச வழி குறைவு. கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று எல்லார் கையிலும் செல்போன். முகம் பார்த்துப் பேசலாம். பேசுவது என்ன? "எத்தனை மார்க்கு?" "ஏன் குறைந்தது?" இதைத்தானே! 'பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்து யாராவது சிரித்தார்களா?' என்று ஒரு தடவை கேட்டால் என்ன?

புத்தகத்தின் பெயர்

1995-ல் வெளிவந்த ஒபாமாவின் புத்தகத்துக்கு என்ன பெயர்? 'என் தந்தையிடமிருந்து வந்த கனவுகள்.' ஒரே ஒரு மாதம் கூட இருந்த தகப்பனார் பெயரில் புத்தகம்! அதிகாலை 4 மணிக்கு எழுந்து பாடம் சொன்ன தாயார் பெயரில் இல்லை. கூட இல்லாதவரைத்தான் பிள்ளை மனம் தேடிக்கொண்டே இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாயாருக்கு மனது எப்படி இருந்திருக்கும்?

அந்தத் தாயார் சாமானியர் அல்ல. ஜாவா தீவின் கிராமத்துக் கொல்லர்களைப் பற்றி ஆராய்ந்து, 1,000 பக்கங்களுக்கு மேல் எழுதி, 1992-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஏழைகளுக்குச் சிறு கடன் கிடைக்கப் பாடுபட்டார். புத்தகம் வெளிவந்த சில மாதங்களில், 1995 நவம்பர் 7-ந்தேதி, புற்றுநோயால் இறந்தார். வயது 52. அந்த நேரத்தில் மகன் பக்கத்தில் இல்லை. அந்த வருத்தம் அவருக்கு ஆறவே இல்லை. 2004-ல் புத்தகத்துக்குப் புது முன்னுரை எழுதினார். தாயார் பிழைக்க மாட்டார் என்று தெரிந்திருந்தால், வேறு மாதிரிப் புத்தகம் எழுதியிருப்பேன், தம் வாழ்க்கையில் மாறாமல் இருந்த அவரைக் கொண்டாடி எழுதியிருப்பேன் என்ற கருத்தை அதில் சொல்லியிருக்கிறார்.

2010 நவம்பரில் ஒபாமா ஜனாதிபதியாக ஜகார்த்தாவுக்கு வந்தார். மாணவர் கூட்டத்தில் இந்தோனேசிய மொழியிலேயே பேச்சைத் தொடங்கினார். சொந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்றார். தெருவில் இறைச்சிக் கம்பி விற்பவர்கள் 'சாத்தே' என்று கூவுவார்களே, அந்தக் கூவலை அப்படியே கூவிக் காட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அதற்கு முந்தின இரவு அரசாங்க விருந்து. இந்தோனேசிய ஜனாதிபதி யுதயோனோ ஒரு விருதை எடுத்துக் கொடுத்தார். அது ஒபாமாவுக்கு அல்ல. ஆன் டன்ஹாமுக்கு! அவர் இறந்து அப்போது 15 ஆண்டு ஆகியிருந்தது. தாயாருக்குப் பதிலாக மகன் வாங்கிக்கொண்டார்.